குடியை விட்டபின் எடையும் கொழுப்பும் ஏன் ஏறின? குடலைச் சரிசெய்தால் இறங்குமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். வயது 43, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. பதினைந்து வருடம் தினமும் ஒரு குவார்ட்டர் குடித்தீர்கள், இப்போது ஐந்து மாதமாகத் தொடவில்லை. எடை இறங்கும் என்று எதிர்பார்த்தால் 78 கிலோ 84 ஆகிவிட்டது. எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு 118-லிருந்து 159-க்குப் போய்விட்டது. வயிறு உப்புசமாகவே இருக்கிறது. டாக்டர் மாத்திரை தொடங்கலாம் என்கிறார். நண்பர் ஒருவர் எல்லாமே குடல் பாக்டீரியா கோளாறு என்று சொல்லி, மாதம் 3,000 ரூபாய்க்குக் காப்ஸ்யூல் வாங்கச் சொல்கிறார். அம்மா தினமும் வெந்தயம் ஊறவைத்துக் கொடுக்கிறார். கடைசி வரியாக, "குடித்தபோதே உடம்பு நன்றாக இருந்ததோ என்று தோன்றுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் மற்ற வேலையை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். கோவையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். குடிநோய் சிகிச்சை முடித்து வீடு திரும்புகிறவர்களோடு பல வருடமாக வேலை செய்கிறேன். ஐந்து மாதம் தாக்குப்பிடித்த ஒருவரை ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு மறுபடி கடைக்கு அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். தம்பி, உங்களுக்கு அது நடக்கக் கூடாது. அதனால் முதலில் அந்தச் சீட்டைப் பிரித்துப் பார்ப்போம்.

நீங்கள் அனுப்பிய இரண்டு அறிக்கைகள். குடித்துக்கொண்டிருந்தபோது எடுத்தது: மொத்தக் கொழுப்பு 248, டிரைகிளிசரைடு என்கிற இன்னொரு வகை ரத்தக் கொழுப்பு 390, எச்டிஎல் என்கிற நல்ல கொழுப்பு 52, எல்டிஎல் 118. இப்போது எடுத்தது: மொத்தம் 236, டிரைகிளிசரைடு 180, எச்டிஎல் 41, எல்டிஎல் 159.

பல லேப்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். மொத்தக் கொழுப்பில் எச்டிஎல்லைக் கழித்து, டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து அதையும் கழித்தால் வருவது எல்டிஎல். பழைய சீட்டில் போட்டுப் பாருங்கள். 248-இல் 52 போனால் 196. 390-ஐ ஐந்தால் வகுத்தால் 78. 196-இல் 78 போனால் 118. புதிய சீட்டில் 236-இல் 41 போனால் 195. 180-ஐ ஐந்தால் வகுத்தால் 36. மிச்சம் 159. உங்கள் லேப் எழுதியதும் இதே எண்கள்தான்.

டிரைகிளிசரைடு ஏற ஏற இந்தக் கணக்கு எல்டிஎல்லைக் குறைத்துக் காட்டும். 400-க்கு மேல் போனால் கணக்கே செல்லாது. நீங்கள் 390-இல் இருந்தீர்கள். அப்படியென்றால் அந்த 118-ஐ நம்பவே கூடாது. குடித்த காலத்தில் கல்லீரல் கொழுப்பை வேறொரு மூட்டையில் கட்டி ரத்தத்தில் விட்டுக்கொண்டிருந்தது, சீட்டில் அது டிரைகிளிசரைடு கணக்கில் போனது. இப்போது அந்த மூட்டைகள் குறைந்திருக்கின்றன. மொத்தத்தில் எச்டிஎல்லைக் கழித்தால் வரும் எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். அன்று 196, இன்று 195. ரத்தக்குழாய்ச் சுவரில் படியக்கூடிய கொழுப்பின் மொத்த அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. டிரைகிளிசரைடு பாதிக்கு மேல் விழுந்திருக்கிறது. குடியை விட்டதற்கு உங்கள் உடம்பு சொன்ன பதில் அது, அதுவும் ஐந்தே மாதத்தில். குடித்தபோது ஒன்றும் நன்றாக இருக்கவில்லை தம்பி. கெட்டது வேறு பெயரில் இருந்தது, அவ்வளவுதான்.

அதற்காக 195 நல்ல எண் என்று சொல்ல வரவில்லை. 130-க்குள் இருக்க வேண்டியது. சர்க்கரையோ இதயக் கோளாறோ இருந்தால் இன்னும் கீழே இருக்க வேண்டும். வேலை பாக்கி இருக்கிறது.

எச்டிஎல் 52-லிருந்து 41 ஆனதற்கும் பயப்பட வேண்டாம். மது எச்டிஎல்லை ஏற்றிவைக்கும், விட்டால் இறங்கும். ஜப்பானில் ஆயிரக்கணக்கானவர்களின் வருடாந்திரப் பரிசோதனைகளைத் தொடர்ந்து பார்த்து 2025-இல் வெளியிட்ட ஓர் ஆய்விலும் இதைத்தான் கண்டார்கள். குடியை நிறுத்தியவர்களுக்கு எல்டிஎல் சில புள்ளிகள் ஏறியது, எச்டிஎல் சில புள்ளிகள் இறங்கியது. அதிகம் குடித்தவர்களுக்கு மாற்றமும் அதிகம். இதை வைத்து "பார்த்தீர்களா, குடிப்பது நல்லது" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மருந்து கொடுத்து எச்டிஎல்லை ஏற்றிப் பார்த்த பெரிய ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் மாரடைப்பு குறையவில்லை. அந்த எண் ஏறுவதால் மட்டும் இதயம் பிழைப்பதில்லை என்று தெரிந்துபோய் வருடங்கள் ஆகின்றன. உலக சுகாதார நிறுவனமும் 2023 ஜனவரியில், உடம்புக்குப் பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று இல்லை என்று சொல்லிவிட்டது.

சரி, எடைக்கு வருவோம். 180 மில்லி குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கிராமுக்கு 7 கலோரி, ஆக 420 கலோரிக்கு மேல். தினமும் அதை நிறுத்தினால் எடை இறங்கத்தானே வேண்டும்? காகிதத்தில் அப்படித்தான். ஆனால் தினமும் குடிப்பவர் பாதி நாள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. காலையில் குமட்டல், மதியம் இரண்டு வாய் சோறு. சிறுகுடலின் உள்சுவர் புண்பட்டு, சாப்பிட்டதும் முழுதாகச் சேர்வதில்லை. தசை கரைந்திருக்கும். குடியை விட்டதும் பசி திரும்புகிறது, குடல் ஆறுகிறது, தின்றது ஒட்டுகிறது. ஏறிய ஆறு கிலோவில் ஒரு பகுதி உடம்பு தன்னைத் திருப்பிக் கட்டிக்கொண்டதாக இருக்கலாம். அதைத் தராசு பிரித்துச் சொல்லாது, இஞ்ச் டேப் சொல்லும். தொப்புள் மட்டத்தில் மூச்சை இழுத்துப் பிடிக்காமல் சுற்றி அளங்கள். 90 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அந்த மிகுதி தொப்பைக் கொழுப்பு. இனி எடையைவிட அந்த எண்ணைக் கவனியுங்கள்.

மிச்ச எடை எங்கிருந்து வந்தது என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது, நீங்கள் கவனிக்காமல் எழுதியிருக்கிறீர்கள்: "இப்போதெல்லாம் டீதான் துணை." என்னிடம் வருகிறவர்களிடம் முதல் நாள் உணவைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் டீயைத்தான் கேட்பேன். "மூணு, நாலு" என்பார்கள். ஒரு வாரம் சட்டைப் பையில் சீட்டு வைத்து, குடிக்கும்போதெல்லாம் ஒரு கோடு போடச் சொல்வேன். ஒரு லாரி டிரைவர் அண்ணன் கொண்டுவந்த சீட்டில் ஒரே நாளில் பதினொரு கோடு இருந்தது. எண்ணிப் பார்த்துவிட்டு அவரே கொஞ்ச நேரம் பேசவில்லை. பேக்கரி டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 10 கிராம். ஏழு டீ குடித்தால் 70 கிராம் சர்க்கரை, 280 கலோரி. பால் தனி. கூடவே ஒரு தேங்காய் பன், ஒரு பப்ஸ் சேர்ந்தால் குவார்ட்டரின் கலோரி திரும்பி வந்து அதற்கு மேலும் போய்விடும். அந்தச் சர்க்கரைதான் கல்லீரலில் டிரைகிளிசரைடாக மாறுகிறது. உங்கள் 180 இன்னும் 150-க்குக் கீழே வராததற்கு நான் முதலில் சந்தேகப்படுவது டீயைத்தான்.

இனிப்பின்மேல் ஆசை வருவது உங்கள் பலவீனம் இல்லை. மது தூண்டிவிட்ட அதே இடத்தை மூளையில் சர்க்கரையும் தொடுகிறது. முதல் இரண்டு மாதம் நான் அதைத் தடுப்பதே இல்லை. மிட்டாய் தின்றாவது குடியை விடட்டும் என்று விட்டுவிடுவேன். ஐந்து மாதம் ஆன உங்களுக்கு இனிக் குறைக்கச் சொல்லலாம். சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு டீயிலும் ஒரு ஸ்பூனாகக் குறையுங்கள், இரண்டு வாரம் கழித்து அரை ஸ்பூன்.

இப்போது குடல். உங்கள் நண்பர் சொன்னதில் உண்மை இருக்கிறது. விற்க வந்த பொருளில்தான் இல்லை.

தினமும் மது இறங்கும் குடலில் இரண்டு கெடுதல் நடக்கிறது. நல்ல பாக்டீரியா வகைகள் குறைகின்றன. குடல் சுவரில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இருக்கும் இறுக்கமான தையல் பிரிகிறது. பிரிந்த இடம் வழியாகப் பாக்டீரியாவின் நச்சுத் துணுக்குகள் ரத்தத்தில் ஏறி நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் ஓயாமல் வெந்துகொண்டே இருக்கிறது. பெல்ஜியத்தில் ஓர் ஆய்வுக் குழு குடிநோய் சிகிச்சைக்குச் சேர்ந்தவர்களைச் சோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டது. பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குக் குடல் சுவர் கசிந்தது. மூன்று வாரம் குடிக்காமல் இருந்ததில் அந்தக் கசிவு பெரும்பாலும் அடைபட்டது. கசிவு இருந்தவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் குடிக்கும் ஏக்கமும் மூன்று வாரம் கழிந்தும் அதிகமாக இருந்தன என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஏனென்றால் இரவு ஏழு மணிக்கு வரும் அந்தத் தவிப்பை எல்லோரும் மன உறுதிக் குறைவு என்றே திட்டுகிறார்கள். வயிற்றுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

குடல் சுவர் தானாகத் தேறும். பாக்டீரியாக் கூட்டம் தேற வேண்டுமானால் அதற்குச் சாப்பாடு வேண்டும். நாம் செரிக்க முடியாமல் பெருங்குடலுக்கு அனுப்பும் நார்ச்சத்துதான் அதன் சாப்பாடு. அதைத் தின்று பாக்டீரியா சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகிறது. பெருங்குடல் செல்களுக்கு எரிபொருளும், "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்களுக்குத் தூண்டுதலும் அங்கிருந்துதான் கிடைக்கின்றன. பயறு சாப்பிட்ட மதியம் நாலு மணிக்குப் பசிக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொழுப்பு இறங்குவது வேறு வழி. அதைச் சொல்ல உங்கள் அம்மாவின் வெந்தயத்தையே எடுத்துக்கொள்கிறேன். நாளை காலை அந்த டம்ளரிலிருந்து ஊறிய வெந்தயத்தில் நாலைந்தை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று ஒரு பசை வரும். விரலைப் பிரித்தால் நூல் இழுக்கும். வெண்டைக்காயை அறுத்தால் கத்தியில் ஒட்டுவதும், இசப்கோலைத் தண்ணீரில் போட்டால் கூழாவதும், ஓட்ஸ் கஞ்சி ஆறினால் கெட்டியாவதும் இதே இனம்தான். கரையும் நார்ச்சத்து என்று பெயர்.

கல்லீரல் கொலஸ்ட்ராலை எடுத்துப் பித்த அமிலம் செய்கிறது. கொழுப்பைச் செரிக்க அது சிறுகுடலுக்குள் இறங்குகிறது. வேலை முடிந்ததும் அதில் ஏறக்குறைய 95 சதவீதத்தைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சி மறுபடி கல்லீரலுக்கே அனுப்பிவிடும். ஒரே சரக்கு ஒரு நாளில் பலமுறை சுற்றிவருகிறது. நீங்கள் தேய்த்துப் பார்த்த அந்தப் பசை குடலில் இருந்தால் பித்த அமிலத்தில் ஒரு பங்கைப் பிடித்துவைத்துக்கொண்டு மலத்தோடு வெளியேற்றிவிடும். சுற்றுக்கு வர வேண்டிய சரக்கு குறைகிறது. கல்லீரல் புதிதாகச் செய்தாக வேண்டும். அதற்குக் கொலஸ்ட்ரால் வேண்டும், ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. கொலஸ்ட்ராலை உடம்பு வெளியே தள்ளும் முக்கிய வாசல் இதுதான். வியர்வையில் கொழுப்பு போகாது. காலையில் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்தாலும் போகாது.

அப்படியானால் எவ்வளவு சாப்பிட வேண்டும்? 2,000 கலோரிச் சாப்பாட்டில் 30 கிராம் நார்ச்சத்து இருக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. நீங்கள் எழுதிய சாப்பாட்டை (காலை நாலு இட்லி, மதியம் சோறு சாம்பார், இரவு பரோட்டா அல்லது தோசை) நான் கூட்டிப் பார்த்தேன், பாதியைத்தான் தொடுகிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையில் 100 கிராம் வெள்ளை அரிசிக்கு 3 கிராம் நார்ச்சத்துகூட இல்லை. கேழ்வரகிலும் கம்பிலும் 11. பச்சைப்பயறில் 17. கொண்டைக்கடலையில் 25. கொய்யாப்பழத்தில் 8-க்கு மேல். கொத்தவரங்காயில் ஏறக்குறைய 5, வெண்டைக்காயில் 4.

நீங்கள் இருக்கும் ஊரில் இதற்கு வெளியே தேட வேண்டியதே இல்லை. பச்சைப்பயறு கடைசல், தட்டைப்பயறு குழம்பு, கொள்ளு ரசம், கம்மஞ்சோறு, ராகிக் களி. கொங்கு நாட்டு அம்மாக்களுக்கு இதெல்லாம் கை பழகிய சமையல். உங்கள் அம்மாவிடம் வெந்தயத்தோடு நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். மதியம் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் ஒரு கிண்ணம் பயறும், சோற்றின் அளவுக்கே காயும் வரட்டும். பொரியல் என்று இலை ஓரத்தில் ஒரு ஸ்பூன் வைப்பது அலங்காரம். ஒரு வேளைக்கு 150 கிராம் காயாவது இருக்க வேண்டும். காலை இட்லியை மூன்றாக்கி ஒரு கொய்யா. வாரத்தில் மூன்று காலை ராகியோ கம்போ. ஓட்ஸ் பிடித்தால் சாப்பிடலாம். ஓட்ஸில் இருக்கும் கரையும் நார்ச்சத்தான பீட்டா குளுக்கன் தினம் 3 கிராம் கிடைத்தால் எல்டிஎல் 5 சதவீதமாவது இறங்கும் என்பது பல ஆய்வுகளில் உறுதியானது, அதற்கு 75 கிராம் அளவுக்கு ஓட்ஸ் வேண்டும். மசாலா கலந்த சின்னப் பாக்கெட் ஓட்ஸில் அந்த அளவு வராது, உப்புதான் நிறைய வரும்.

சாயங்காலம் தனி விஷயம், இதில் கொஞ்சம் நிற்கிறேன். ஒன்றரை ஷிப்ட் முடித்து எட்டரை மணிக்கு வெளியே வருகிறீர்கள். கடைசியாகச் சாப்பிட்டது மதியம் ஒன்றரைக்கு. நடுவில் டீயும் பன்னும் மட்டும். அந்த நேரத்தில் வரும் பசியும் குடி நினைப்பும் ஒரே முகத்தோடு வரும், எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. வயிறு நிறைந்திருந்தால் பாதி நாள் நினைப்பு வராமலேயே போய்விடும். அதனால் ஐந்தரை மணி பிரேக்கில் பேக்கரிக்குப் போகாமல், டப்பாவில் கொண்டுபோன ஒரு கிண்ணம் சுண்டலைச் சாப்பிடுங்கள். 40 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்தால் ஒரு கிண்ணம் வரும், அதிலேயே 10 கிராம் நார்ச்சத்து. சனிக்கிழமை சம்பள நாளில் இதை விடவே விடாதீர்கள். கையில் காசும் வயிற்றில் பசியும் சேர்ந்து இருக்கும் மாலை அது. முடிந்தால் அன்று வீட்டிலிருந்து யாராவது கம்பெனி வாசலுக்கு வரட்டும்.

ஆனால் நாளைக்கே 30 கிராமுக்குத் தாவாதீர்கள். பதினைந்து வருடம் மதுவில் ஊறிய குடல், ஏற்கெனவே உப்புசம் வேறு. திடீரென்று கொட்டினால் வயிறு பலூனாகும், மூன்றாம் நாள் "எனக்குப் பயறு ஒத்துக்காது" என்று நிறுத்திவிடுவீர்கள். அப்படி நிறுத்தியவர்கள்தான் என்னிடம் அதிகம் வந்திருக்கிறார்கள். முதல் வாரம் தோல் நீக்கிய பாசிப்பருப்பு மட்டும். அடுத்த வாரம் முழுப் பச்சைப்பயறு, கால் கிண்ணம். அதற்கடுத்த வாரம் அரைக் கிண்ணம். கொண்டைக்கடலை ஒரு மாதம் கழித்து. பயறை இரவு முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நன்றாகக் குழைய வேகவைத்து, பெருங்காயமும் இஞ்சியும் சேருங்கள். தண்ணீர் போதுமான அளவு குடிக்காவிட்டால் இதே நார்ச்சத்து மலச்சிக்கலாகத் திரும்பும்.

உயிருள்ள பாக்டீரியா வேண்டுமென்றால் தயிரும் மோரும் போதும். இட்லி மாவு புளித்ததுதான், ஆனால் ஆவியில் வெந்ததும் அதிலிருந்த பாக்டீரியா செத்துவிடும். இட்லி தின்பது மோர் குடிப்பதற்கு ஈடாகாது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 36 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2021-இல் வெளியிட்டார்கள். தயிர் போன்ற புளிக்கவைத்த உணவுகளைப் பத்து வாரம் நிறையச் சாப்பிட்டவர்களுக்குக் குடல் பாக்டீரியாவின் வகைகள் பெருகின, ரத்தத்தில் அழற்சி அறிகுறிகள் குறைந்தன. சிறிய ஆய்வு, ஆனால் கவனமாகச் செய்தது. வீட்டில் உறைய வைத்த தயிரில் நீர் மோர் செய்து மதியம் ஒரு பெரிய டம்ளர், மாலையில் ஒன்று. பழைய சோற்றுக்கும் இங்கே இடம் உண்டு. இரவு முழுக்க நீரில் புளித்ததில் நல்ல பாக்டீரியா வளர்கிறது, ஆறிய சோற்றில் ஒரு பகுதி மாவு செரிக்காத மாவாக மாறிப் பெருங்குடல் வரை போகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் அழற்சி நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து ஆய்வும் நடத்தினார்கள். இருந்தாலும் சோறு சோறுதான். எடை குறைக்க நினைப்பவருக்கு ஒரு கிண்ணம் போதும், கூடச் சின்ன வெங்காயம். ஊறுகாயும் வற்றலும் வேண்டாம்.

காப்ஸ்யூலை வாங்க வேண்டாம். அதில் இருக்கும் பாக்டீரியா, உணவு கிடைக்காத குடலில் சில நாளில் வெளியேறிவிடும். எடையையும் எல்டிஎல்லையும் இந்த அளவுக்கு இறக்கும் என்று நம்பிச் செலவழிக்கும் அளவுக்கு அதற்குச் சான்று இல்லை. 3,000 ரூபாய்க்கு மாதம் முழுக்கக் குடும்பத்துக்கே பயறும் பழமும் தயிரும் வாங்கலாம். பயறு அறவே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும் நான் இசப்கோல் சொல்வேன். ஒரு மேசைக்கரண்டியில் தொடங்கி இரண்டு வரை, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு. வேறு மாத்திரை போடுபவர்கள் இரண்டு மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

எண்ணெயைப் பற்றி எழுதாமல் விட்டால் இதெல்லாம் வீணாகும். கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுக்கும் கைகளை நிறைகொழுப்பு கட்டிப்போடுகிறது. ஒரு பக்கம் வெந்தயத்தால் இழுக்கச் சொல்லி, மறுபக்கம் அதைத் தடுப்பது போல. நம் பக்கத்தில் தேங்காய் எண்ணெயில் தாளிப்பவர்கள் நிறைய. அதில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைகொழுப்பு. ரேஷன் பாமாயிலில் ஏறக்குறைய 50 சதவீதம். கடலை எண்ணெய், நல்லெண்ணெயில் 20 சதவீதத்துக்குள். எந்த எண்ணெயானாலும் ஆளுக்கு மாதம் முக்கால் லிட்டருக்குள் முடிய வேண்டும். பப்ஸ், தேங்காய் பன், பரோட்டா மூன்றும் வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். நிலக்கடலை ஒரு கைப்பிடி தாராளமாகச் சாப்பிடலாம், வறுத்தோ அவித்தோ.

எவ்வளவு இறங்கும் என்று எதிர்பார்க்கலாம்? டொரண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் என்ற மருத்துவரின் குழு கரையும் நார்ச்சத்து, சோயா, பாதாம், தாவர ஸ்டெரால் (கொலஸ்ட்ராலைப் போன்ற தாவரப் பொருள்) எல்லாம் சேர்த்து, சாப்பாட்டை அவர்களே கொடுத்துப் பார்த்ததில் நான்கு வாரத்தில் எல்டிஎல் 28 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. 2003-இல் வந்த ஆய்வு அது. பிறகு அதையே வீட்டில் அவரவர் செய்துகொள்ளச் சொல்லி ஆறு மாதம் பார்த்தபோது 13, 14 சதவீதம்தான் இறங்கியது. நீங்களும் நானும் வீட்டில் சாப்பிடுகிறவர்கள், ஆகவே இரண்டாவது எண்தான் நமக்கு. 159 என்பது 137 வரை வரலாம். எடை நாலைந்து கிலோ குறைந்தால் டிரைகிளிசரைடு இன்னும் நன்றாக இறங்கும்.

எனவே மாத்திரை விஷயத்தில் டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "மூன்று மாதம் உணவில் முயன்றுவிட்டு மறுபடி எடுத்துப் பார்க்கலாமா?" சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார். இவற்றில் ஏதாவது இருந்தால், அல்லது எல்டிஎல் 190-ஐத் தாண்டினால், மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். ஸ்டாட்டின் என்கிற அந்த மாத்திரை எல்டிஎல்லை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறக்கும், உணவால் அது முடியாது. கொழுப்புக் கல்லீரல் இருப்பவர்களுக்கும் அது பொதுவாகப் பாதுகாப்பானதுதான், எஸ்ஜிபிடி என்கிற கல்லீரல் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுத் தொடங்குவார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்வதில் எந்தத் தோல்வியும் இல்லை.

அடுத்த பரிசோதனையில் தைராய்டுக்கான டிஎஸ்எச்-ஐயும் சேர்க்கச் சொல்லுங்கள். தைராய்டு மந்தமானால் எடையும் எல்டிஎல்லும் சேர்ந்தே ஏறும், சோர்வும் மலச்சிக்கலும் இருக்கும். குடியை விட்டதன் மேல் பழியைப் போட்டுவிட்டு இதைத் தவறவிட்டவர்கள் உண்டு. வைட்டமின் பி1 மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். கண்ணில் மஞ்சள், வயிற்றில் நீர்க்கட்டு, கறுப்பு மலம், காரணமில்லாமல் எடை இறங்குவது இதில் எது வந்தாலும் உணவுத் திட்டத்தை ஓரம் வைத்துவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். கல்லீரல் சுருக்கம் என்று ஏற்கெனவே சொல்லப்பட்டவர்கள் இந்தப் பதிலைப் பின்பற்றி எடை குறைக்க முயலக் கூடாது. அவர்களுக்குப் புரதம் அதிகம் வேண்டும், திட்டமே வேறு.

இதைப் படிப்பவர்களில் இன்னும் தினமும் குடித்துக்கொண்டிருப்பவர் இருந்தால் ஒரு வார்த்தை. உத்வேகத்தில் நாளைக் காலை சட்டென்று நிறுத்தாதீர்கள். நீண்ட காலம் அதிகம் குடித்தவர்களுக்கு நிறுத்திய முதல் மூன்று நான்கு நாளில் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிருக்கே ஆபத்து. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மருந்தோடு நிறுத்துங்கள். 14446 என்ற இலவச எண்ணில் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

கடைசியாக அம்மாவின் வெந்தயம். ஊறிய தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு விதையைக் கொட்டுகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். பசை பெரும்பாலும் விதையில்தான் இருக்கிறது. ஒரு தேக்கரண்டி வெந்தயம் 4 கிராம், அதில் ஏறக்குறைய பாதி நார்ச்சத்து. விதையையும் சேர்த்து மென்று விழுங்குங்கள். கசப்பு தாங்கவில்லையென்றால் அதை அப்படியே மோரில் அரைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், அம்மாவுக்கு அந்த வேலை பிடிக்கும்.